நாயகன் இல்லாத அணி

ஜெர்மானியத் தத்துவஞானிகளுக்கும் கிரேக்கத் தத்துவஞானிகளுக்கும் கால்பந்துப் போட்டி. பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவான மான்ட்டி பைத்தான் 1972இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்காக மியூனிக் மைதானம் ஒன்றில் எடுத்த ஆட்டம் இது. நடுவர் கன்ஃபூசியஸ். விசில் ஊதியதும் ஆளாளுக்குத் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தபடி நடக்கிறார்கள். பந்து நடுவட்டத்தில் அப்படியே கிடக்கிறது. இரு அணிகளின் பட்டியலிலும் நிஜமான ஆட்டக்காரர் பெக்கன்பவர் ஒருவர்தான். 89ஆவது நிமிடத்தில் ஆர்க்கிமிடீஸுக்குப் பொறி தட்டுகிறது, கிரேக்கர்கள் பந்தைக் கடத்துகிறார்கள், சாக்ரடீஸ் தலையால் முட்டி கோல் போடுகிறார். மார்க்ஸ் ஆஃப்சைடு என்று வாதாடுகிறார். இதில் சிரிப்பு எந்த நடிகரிடமிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் கிடைக்காது. வர்ணனையாளரின் பதற்றமும் வீரர்களின் நிதானமும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. பைத்தான் குழுவின் வெற்றிக்கு ஆறு திறமைசாலிகள் கூடியதைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதிக் காரணம்தான். எழுத்தை நடிகனுக்கு மேலே வைத்த ஆட்டமுறையே முழுக் காரணம் என்பது என் வாதம்.

அணி உருவான விதத்தைப் பாருங்கள். ஜான் கிளீஸ், கிரகாம் சாப்மன், எரிக் ஐடில் மூவரும் கேம்பிரிட்ஜ் மாணவர் நாடகக் குழுவான ஃபுட்லைட்ஸிலிருந்து வந்தவர்கள். மைக்கேல் பேலினும் டெர்ரி ஜோன்ஸும் ஆக்ஸ்ஃபோர்டு. டெர்ரி கில்லியம் அமெரிக்காவிலிருந்து வந்த ஓவியர். 1966இல் டேவிட் ஃப்ராஸ்ட்டின் பிபிசி நிகழ்ச்சிக்கு இவர்களில் ஐந்து பேர் எழுதினார்கள். அங்கே புகழ் ஃப்ராஸ்ட்டுக்கு, உழைப்பு எழுத்தாளர்களுக்கு. 1969 அக்டோபர் 5 அன்று சொந்த நிகழ்ச்சி தொடங்கியபோது அந்த முறையைத் தலைகீழாக்கினார்கள். கிளீஸும் சாப்மனும் ஒரு ஜோடி, பேலினும் ஜோன்ஸும் ஒரு ஜோடி, ஐடில் தனியாள். தனித்தனியே எழுதியதை ஒன்றாக உட்கார்ந்து படிப்பார்கள்; மற்றவர்கள் சிரித்தால் உள்ளே, சிரிக்காவிட்டால் வெளியே. எந்தப் பாத்திரம் யாருக்கு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். செத்த கிளி காட்சி இதற்கு நல்ல சான்று. பழுதான காரை விற்றுவிட்டுச் சாக்குச் சொல்லும் ஆளைப் பற்றிப் பேலின் சொன்ன அனுபவம் அதன் வேர்; அதைக் காட்சியாக எழுதியவர்கள் கிளீஸும் சாப்மனும்; காரைக் கிளியாக மாற்றியது சாப்மனின் யோசனை. அது யாருடைய காட்சி என்று சொத்துப் பிரிக்க முடியுமா?

அதே காட்சி எப்படி முடிகிறது என்பது இன்னும் முக்கியம். பஞ்ச் வசனம் கிடையாது. ராணுவ உடையில் ஒருவர் உள்ளே நுழைந்து, கூத்து அளவுமீறிவிட்டது என்று ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறார். கடைசி வரிக்குக் கைதட்டல் வாங்குவது மேடைச் சிரிப்பின் பழைய விதி. அதைக் கைவிட்டதும் ஒரு காட்சி இன்னொன்றுக்குள் வழிந்தோட வழி பிறந்தது. பழைய படங்களை வெட்டி ஒட்டிக் கில்லியம் செய்த அனிமேஷன் அதற்குப் பாலம். 1975இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 90 நிமிட இடத்துக்குள் அடைப்பதற்காக இவர்களுடைய நிகழ்ச்சியிலிருந்து 24 நிமிடங்களை வெட்டி ஒளிபரப்பியபோது குழு நீதிமன்றம் போனது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976இல் தடை உத்தரவுக்கு வழிசெய்தது. படைப்பைச் சிதைத்து ஒளிபரப்புவதற்கு எதிராகப் படைப்பாளியின் உரிமையைப் பேசும் சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். அறிவற்ற கத்தரிப்பு தங்கள் எழுத்தின் எலும்பையே முறிக்கிறது என்று குழுவினர் உணர்ந்ததால்தான் இவ்வளவு தூரம் போராடினார்கள்.

இதையெல்லாம் நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகன் முன்பே செய்துவிட்டாரே என்பது நியாயமான மறுப்பு. அகமதுநகரில் பிறந்த மில்லிகனின் 'க்யூ5' 1969 மார்ச்சிலேயே முடிவில்லாக் காட்சிகளை ஒளிபரப்பியது. பைத்தான் குழு அதைப் பார்த்து அதிர்ந்ததும், அதன் இயக்குநர் இயன் மக்நாட்டனையே தங்கள் நிகழ்ச்சிக்கு அழைத்துக்கொண்டதும் உண்மை. கடனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மில்லிகனின் நிகழ்ச்சி அவருடைய மனவேகத்தில் ஓடியது. அவர் சோர்ந்தால் அதுவும் சோரும். பைத்தானில் ஒருவர் சறுக்கினால் அடுத்த ஜோடி தாங்கியது. இரண்டாவது மறுப்பு, கிளீஸ்தான் உண்மையான நட்சத்திரம் என்பது. அவர் விலகிய பிறகு 1974இல் வந்த நான்காம் பருவம் ஆறு நிகழ்ச்சிகளோடு நின்றதும், அவர் எழுதி நடித்த 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடர் பெரும்புகழ் பெற்றதும் சான்றுகளாகக் காட்டப்படும். எனக்கு அந்த நான்காம் பருவம் வேறொன்றைச் சொல்கிறது. காட்சியின் தர்க்கத்துக்காகக் கிளீஸும், படத்தின் ஓட்டத்துக்காக ஜோன்ஸும் அறைக்குள் மல்லுக்கட்டியதுதான் தரத்தைக் காத்தது. நெட்டை நடிகர் போனதைவிட முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்லும் வாசகர் போனதே பெரிய இழப்பு. மூன்றாவது குறையை நான் மறுக்கவில்லை: ஆறு பேரும் ஆண்கள். கரோல் கிளீவ்லண்ட் பல காட்சிகளில் நடித்தும் எழுத்து அறையில் அவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. எழுத்தே அதிகாரம் என்ற முறையில் இந்த விலக்கு இன்னும் கனமானது.

குழுவின் செல்வாக்கு பரவிய பாதையும் எழுத்தே நடிகனுக்கு மேல் நின்றதையே காட்டுகிறது. 1975இல் நியூயார்க்கில் 'சாட்டர்டே நைட் லைவ்' தொடங்கிய லார்ன் மைக்கேல்ஸ் இவர்களுடைய ரசிகர். கீடோ வான் ராசம் தன் கணினி மொழிக்குப் பைத்தான் என்று இந்த நிகழ்ச்சியின் பெயரைத்தான் வைத்தார். வேண்டாத மின்னஞ்சலை ஸ்பாம் என்கிறோமே, அதுவும் இவர்களுடைய ஓர் உணவகக் காட்சியிலிருந்து வந்தது. குழுவின் உச்சம் என்று நான் கருதுவது 1979இல் வந்த 'லைஃப் ஆஃப் பிரையன்'. ஆறு பேரும் பார்படோஸில் ஒன்றாக உட்கார்ந்து அதன் திரைக்கதையைச் செதுக்கினார்கள். சாப்மன் 1989இல் இறந்தார். அதன் பிறகு எஞ்சிய ஐவரும் சேர்ந்து புதிய படம் எதையும் எழுதவில்லை. 2014இல் லண்டன் ஓ2 அரங்கில் பத்து முறை மேடையேறியபோதும் பெரும்பாலும் பழைய காட்சிகளையே நடித்தார்கள்.