திரைப்படம் தாண்டிச் சென்ற கால்முறிவு

செஞ்சியில் வாழும் நமக்கு வேகம் என்றதும் தேசிங்கு ராஜனும் அவனுடைய பாராசாரிக் குதிரையுமே நினைவில் எழுகின்றனர். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து மடிந்த அந்த இளைஞனைக் கதைப்பாடல் எத்தனையோ நிலைகளில் காட்டினாலும், நம் மனத்தில் நிற்பவை இரண்டே காட்சிகள்: அவன் பாய்கிறான், அவன் வீழ்கிறான். பாய்ந்தவன் காயமுற்று, பிழைத்து, திண்ணையில் அமர்ந்து பிறர் குதிரையேற்றத்தைக் கண்டு மகிழ்ந்தான் என்று பாடினால் எந்த ஊரில் கூட்டம் கூடும்? வீரகதையின் இலக்கணம் அது. அதனைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் இதே இலக்கணத்தை நம் காலத்துக் கலையும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும்போது நமக்கு உறுத்தல் எழுகிறது. 1981-இல் வெளிவந்து, சிறந்த படத்துக்கானது உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘சாரியட்ஸ் ஆப் பயர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தையே இங்கு எண்ணுகிறோம். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய இருவரின் கதை அது. ஸ்காட்லாந்துக்காரரான எரிக் லிடல் ஞாயிற்றுக்கிழமையில் ஓட மறுத்து 100 மீட்டரைத் துறக்கிறார். பின்னர் 400 மீட்டரில் தங்கம் வெல்கிறார். அவருக்கு ஓட்டம் மகிழ்ச்சி, ஓய்வு வழிபாடு. யூதக் குடும்பத்தில் பிறந்த ஹெரால்டு ஆபிரகாம்ஸுக்கோ ஓட்டம் ஓர் ஆயுதம். தம் வாழ்வு முழுவதையும் நியாயப்படுத்தப் பத்து விநாடிகளே தமக்குண்டு எனப் பந்தயத்துக்கு முன் அவர் அஞ்சும் காட்சியே படத்தின் உயிர் என்போம். 10.6 விநாடிகளில் அவர் தங்கம் வெல்கிறார். வென்றபின் அவர் முகத்தில் களிப்பில்லை. இதைத் துணிந்து காட்டிய இயக்குநர் ஹியூ ஹட்சனைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த வெறுமை பின்னர் என்னவாயிற்று? படம் சொல்லவில்லை. அவர் பிரிட்டிஷ் தடகள உலகின் மூத்த பெரியவரானார் என இறுதியில் தோன்றும் எழுத்துகள் ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. 1925-இல் நீளம் தாண்டும்போது ஆபிரகாம்ஸின் கால் முறிந்தது. அவருக்கு அப்போது வயது 25. அத்தோடு அவருடைய ஓட்டம் நின்றது. தம்மை நியாயப்படுத்திக்கொள்ள வேகத்தை மட்டுமே நம்பிய ஒருவரிடமிருந்து அந்த வேகமே பறிக்கப்பட்டது. கதை உண்மையில் தொடங்கவேண்டிய இடம் இதுவல்லவா? இந்த இடத்தில்தான் படம் திரையை மூடிக்கொள்கிறது.

கால் முறிந்தவர் களத்தை விட்டுப் போகவில்லை. இதழ்களில் ஓட்டத்தைப் பற்றி எழுதினார், வானொலியில் வருணித்தார். 1936-இல் பெர்லினில் 1,500 மீட்டர் பந்தயத்தை பி.பி.சி. வானொலிக்கு வருணித்தவர் அவரே. நியூசிலாந்தின் ஜாக் லவ்லாக் அவருடைய நண்பர். கடைசிச் சுற்றில் லவ்லாக் முந்திப் பாய்ந்தபோது, வருணனையாளருக்குரிய நடுநிலையை முற்றிலும் மறந்து, நண்பரின் பெயரைச் சொல்லி ஆபிரகாம்ஸ் ஆர்ப்பரித்தார். லவ்லாக் 3 நிமிடம் 47.8 விநாடியில் உலகச் சாதனை படைத்தார். ஒலிபரப்பு முறைப்படி அது பிழை என்பார் இருக்கலாம். இருக்கட்டுமே! தாம் வென்றபோது மகிழ இயலாத மனிதர், நாற்காலியில் அமர்ந்து பிறருடைய ஓட்டத்தில் குழந்தையைப்போல் களித்தார். படத்தின் ஆபிரகாம்ஸிடம் கடைசிவரை நாம் தேடிக் காணாத மகிழ்ச்சி இதுவே.

1934-இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார் என்பதும் படத்தில் இல்லை. கால்முறிவையும் மனமாற்றத்தையும் முடிச்சுப்போட்டு, பம்பலோனாவில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியாரோடு ஒப்பிட நம் கை துறுதுறுக்கிறது. ஒன்பதாண்டு இடைவெளியைத் தாண்டி அவ்வாறு முடிச்சுப்போடுவது மிகை, விட்டுவிடுவோம்.

இந்தக் குறையை நாம் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. நம் பகுதியில் காவலர் தேர்வுக்கென விடியுமுன் எழுந்து, அதே 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பழகும் இளைஞர்கள் பலர். அவர்களில் ஒருவனுக்கு முழங்கால் பிசகினால் ‘எல்லாம் போயிற்று’ என்கிறது வீடு. ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்கின்றனர் நண்பர்கள். தேர்வுக்கு அப்பாலும் அவன் ஓட்டத்தை நேசித்தான் என்பதும், படுத்திருக்கும் நாட்களில் அந்த நேசம் கூர்மையடைகிறது என்பதும் எவர் நாவிலும் வருவதில்லை. சொல்வதற்கு நம்மிடம் கதை இருந்தால்தானே! தேசிங்குவின் பாட்டு அவனுக்கு உதவாது. உதவியிருக்கக்கூடிய திரைப்படமோ 1978-இல் நிகழ்ந்த ஆபிரகாம்ஸின் நினைவு வழிபாட்டில் தொடங்கி, ஒரே தாவலில் 1924-இன் கடற்கரைக்கு ஓடிவிடுகிறது. இடையிலிருந்த அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில்தான் ஆபிரகாம்ஸ் அமர்ந்திருந்தார்.