நான்கு அச்சங்களும் நான்கு குணங்களும்

த்வயத்தில் நாராயண சப்தத்திற்குப் பொருள் கூறுமிடத்தில், பிள்ளைலோகாசாரியர் முமுக்ஷுப்படியில் வாத்ஸல்யம், ஸ்வாமித்வம், ஸௌசீல்யம், ஸௌலப்யம் என நான்கு குணங்களை எடுத்தருளுகிறார். இக்காலத்து உபந்யாஸங்கள் பலவற்றில் இவ்விடம் வந்ததும், எம்பெருமான் அளவற்ற கல்யாணகுணங்களை உடையவன், மிக உயர்ந்தவன், மிக நல்லவன் என்று ஒரே மூச்சில் முடித்து மேலே சென்றுவிடுகின்றனர். சொன்னதில் பிழை இல்லை. ஆயினும் ஆசாரியர் சொல்ல வந்தது அதுவன்று.

சரணம் புக நினைப்பவனுக்கு எழும் அச்சங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தை மாற்றாக வைக்கிறார் அவர். தன் குற்றத்தை நினைத்து நடுங்குபவனுக்கு வாத்ஸல்யம். அன்று ஈன்ற கன்றின் உடம்பழுக்கைப் பசு விரும்பி நக்குவதைப் பூர்வர்கள் இதற்கு உதாரணமாகக் காட்டுவர். காரியம் கைகூடுமோ என்று ஐயுறுபவனுக்கு ஸ்வாமித்வம். உடைமையைக் காப்பது உடையவன் பொறுப்பன்றோ? ஆனால் அந்த ஸ்வாமித்வமே புதியதோர் அச்சத்தை விளைக்கிறது. இத்தனை பெரியவனை நாம் அணுகலாமா என்று அவன் பின்வாங்குகிறான். அங்கே வேண்டுவது ஸௌசீல்யம், வேடனான குகனைத் தம்பியாகக் கொண்ட பெருமாளிடம் கண்டது. தாழ்ந்தாரோடு கலக்க இசைந்தாலும், கண்ணுக்கு எட்டாதவனை எவ்வாறு பற்றுவது? அதற்கு ஸௌலப்யம்.

இறுதி இரண்டையும் "எளிமை" என்ற ஒரே சொல்லால் எழுதுவோர் மிகப் பலர். பெரியவன் சிறியவனோடு வேற்றுமை தோன்றாதபடி கலப்பது ஒன்று. கண்ணால் கண்டு பற்றலாம்படி வந்து நிற்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றானால் ஓர் அச்சம் மாற்றின்றி நின்றுவிடுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாகரசம்பட்டி போன்ற ஓர் ஊரிலிருந்து பர்கூருக்கோ ஓசூருக்கோ ஷிப்டு வேலைக்குச் செல்லும் அடியவனை நினைத்துப் பார்க்கலாம். இரவெல்லாம் இயந்திரத்தருகே நின்றதால் அனுஷ்டானம் தவறியதே என்பது அவன் அச்சம். "பகவான் மிக நல்லவன்" என்பது அவனுக்கு எவ்வகையில் துணை? நல்லவனாயிருப்பதாலேயே தன் குற்றத்தை வெறுப்பான் என்று அவன் கருதவும் கூடும். வாத்ஸல்யத்தைப் பெயரிட்டு விளக்கினாலன்றி அந்நடுக்கம் தீராது. (அவன் கடையும் உதிரிபாகம் அளவு பிசகினால்கூட, எத்தனை மைக்ரான் என்றுதான் கேட்பார்கள்.)

பகவத் குணம் வாக்குக்கு எட்டாதது, பொதுவாகத் துதிப்பதே பொருந்தும் என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. தைத்திரீய உபநிஷத்தின் ஆனந்த விசாரம் அவர்களுக்கு இடம் தரவில்லை. கற்றவனாய், உறுதியும் வலிமையும் உடையவனாய், செல்வம் நிறைந்த பூமி முழுவதையும் பெற்ற ஓர் இளைஞனின் இன்பத்தை ஓர் அளவாக வைத்து, படிதோறும் நூறு நூறாகப் பெருக்கிச் சென்ற பின்னரே அங்கு வாக்குத் திரும்புகிறது. அளக்கத் தொடங்காதவன் வாக்குத் திரும்பிற்று என்பது சோம்பலுக்கு இட்ட நல்ல பெயர்.

சரம ச்லோகத்தில் "மாம்" என்ற பதத்திற்கு உரைக்குமிடத்திலும் பிள்ளைலோகாசாரியர் ஸௌலப்யத்தைப் பெயரளவில் விடவில்லை. குதிரைகளை ஓட்டும் கோல், கையில் பிடித்த கடிவாளக் கயிறு, சேனை கிளப்பிய புழுதி படிந்த திருக்குழல், தேர்த்தட்டின் கீழே தொங்கவிட்ட திருவடிகள் என்று கண்ணெதிரே நிறுத்துகிறார். இவ்விடத்தை "எளியவனாகத் தேரோட்டினான்" என்று சுருக்கும் உரைநடைகளில் அத்திருவடிகள் இல்லை. அர்ஜுனன் பற்றுவதற்கு அங்கு ஒன்றும் இல்லை.