சாவடியும் நம் கவிதைகளும்

பாலஸ்தீனத்தைப் பற்றித் தமிழில் நம்மவர் எழுதும் கவிதைகள் எண்ணிக்கையிற் குறைந்தவையல்ல. மீலாது மலர்களிலும் ரமலான் மலர்களிலும் அவற்றைக் காண்கிறோம். எழுதுவோரின் நெஞ்சுருக்கத்தில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் படித்து முடித்த பின் குருதியும் கண்ணீரும் பைத்துல் முகத்தஸுமே நினைவில் நிற்கின்றன. அங்கே ஒரு கூலித் தொழிலாளி விடியலில் எழுந்து வேலைக்கு எவ்வாறு போகிறார் என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை. இக்குறையையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இஸ்ரேலியப் பெண்மணிகள் சிலர் ‘மஹ்சோம் வாட்ச்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். மஹ்சோம் என்பது சாவடியைக் குறிக்கும் எபிரேயச் சொல். கலந்தியா, ஹுவாரா, பெத்லகேம் முதலிய இடங்களில் இராணுவச் சாவடிகளின் அருகே இவர்கள் முறை வைத்து நின்றனர். வரிசையில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் காத்திருந்தனர், யார் திருப்பி அனுப்பப்பட்டனர் என்று குறித்து வெளியிட்டனர். 2002 முதல் உலகத் திருச்சபைகள் மன்றமும் பல நாட்டுத் தொண்டர்களை இதே பணிக்கு அனுப்பிற்று. 2025-இன் தொடக்கத்தில் மேற்குக் கரையில் 849 தடைகள் இருந்ததாக ஐக்கிய நாடுகள் அலுவலகம் கணக்கிட்டது.

2004 நவம்பரில் நாப்லஸை அடுத்த பைத் ஈபா சாவடியில் ஓர் இளைஞர் சிப்பாய்கள் முன் வயலின் வாசித்தார். வாசிக்கச் சொல்லப்பட்டதாக அவர் கூறினார். அப்பெண்மணிகளுள் ஒருவர் அதைப் படம் பிடித்தார், இஸ்ரேலே அதிர்ந்தது. ஆனால் அன்று அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்களைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நம் கவிஞர்கள் செய்வதும் இதுவே. வயலினை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டுவிடுகிறார்கள்.

மஹ்மூத் தர்வீஷ் அவ்வாறு விடவில்லை. 1964-இல் வெளிவந்த ‘அடையாள அட்டை’ என்னும் கவிதையில் ஓர் அரபியர் அதிகாரியின் முன் நின்று தம் அட்டை எண்ணையும் பிள்ளைகளின் தொகையையும் சொல்கிறார். அலுவலகப் பதிவேட்டின் வடிவமே அங்குக் கவிதையாயிற்று. இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் 1966 வரை இராணுவ ஆட்சியின் கீழ் அனுமதிச் சீட்டோடு நடமாடியவர்கள் என்பதை எண்ணினால் அவ்வடிவத்தின் பொருத்தம் விளங்கும். 1981-இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ நூலைத் தமிழில் தந்த எம்.ஏ. நுஃமான் அவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் நம்மவர் அக்கவிஞர்களின் சினத்தைக் கற்ற அளவுக்கு அவர்களுடைய நுணுக்கத்தைக் கற்கவில்லை.

சாவடியில் நிற்கும் இப்பெண்மணிகள் மீதும் ஒரு குறை கூறப்படுகிறது. சிறு சலுகைகளைக் கேட்டுப் பெறுவதால் ஆக்கிரமிப்பைச் சற்றே மென்மையாக்கி நீடிக்க விடுகிறார்கள் என்பர். இதைத் தள்ளிவிட இயலாது. ஆனால் நாளும் மணியும் குறித்த ஏடு இல்லையேல், ‘அப்படி நிகழவே இல்லை’ என்னும் மறுப்பே வரலாறாகிவிடும். சொந்தத் தாய் தந்தையர்க்கும் உறவினர்க்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாய் நிற்குமாறு திருக்குர்ஆனின் ‘அன்னிஸா’ அத்தியாயம் பணிக்கிறது. தம் அரசுக்கும் தம் பிள்ளைகள் பணியாற்றும் படைக்கும் எதிராக அவர்கள் சாட்சி சொன்னார்கள்.

தேவர்சோலையில் வாழும் நாம் இதிலிருந்து பெறுவது என்ன? கக்கநல்லா சாவடியில் 2009 முதல் இரவு 9 மணிக்குப் பந்திப்பூர்ப் பாதை அடைபடுவதையும், 2024 முதல் மலையேறுவோரிடம் இ-பாஸ் கேட்பதையும் பாலஸ்தீனத்தோடு ஒப்பிடுவது தகாது. விலங்குகளையும் மலையையும் காக்க வந்த விதிகள் அவை. நாம் எழுதவேண்டியது வேறு. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவர் என்று எண்ணால் பங்கிட்டது. அவர்களுட் பலர் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூரின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தனர். எந்த அலுவலகத்தின் முன் எத்தனை நாள் நின்றனர்? எந்தக் காகிதம் இல்லாமல் திரும்பினர்? சொல்லக்கூடிய முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர்.

பாலஸ்தீனத்துக்காகக் கண்ணீர் வடிக்கும் நம் இளைஞர்கள், ஒரு குறிப்பேட்டுடன் அண்டை லயத்துக்குச் சென்று அம்முதியோரின் அருகே அமர்வார்களாக. அங்கு எழுதப் பழகிய கை பாலஸ்தீனத்தைப் பற்றியும் மெய்யாய் எழுதும்.