கூலிக் கணக்கும் அருட் கணக்கும்

தோட்டத்துக் கிராணி வேலையில் அமர்ந்தவன் முதலிற் கற்பது கணக்கு. விடியுமுன் பெரட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார், முன்பணம் எவ்வளவு என்று நாள்தோறும் எழுதிப் பழகிய கை, கணக்கில் அடங்காத ஒன்றை எளிதில் நம்பாது. பேராக்கில் பால்மரம் நின்ற நிலங்கள் பல இன்று செம்பனையாய் மாறிவிட்டன. கணக்குப் புத்தகத்தின் குணமோ மாறவில்லை.

அத்தகைய நமக்கு, மத்தேயு சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்திலுள்ள திராட்சைத் தோட்டக் கதை முதன்முதற் படித்தபோது கோபத்தையே மூட்டிற்று. விடியல் முதல் வெயிலிற் காய்ந்தவனுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் வந்தவனுக்கும் ஒரே கூலி! இப்படி ஒரு செக்ரோலை நாம் எழுதினால் ஒரு நாளேனும் வேலையில் விட்டு வைப்பார்களா?

கிறிஸ்தவர்கள் கிருபை என்று கூறும் பொருளின் முள் இங்கேதான் இருக்கிறது. அது தகுதிக்கு அளக்கும் கூலியன்று. தகுதியற்றவனுக்கு அளிக்கும் கொடை. இதனைத் தமிழிற் பெருங்காவியமாகப் பாடியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் 1827-ல் வைணவக் குடும்பத்திற் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-ல் ஞானஸ்நானம் பெற்று, 1900-ல் மறைந்தவர். ஆங்கிலேயராகிய ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 'நற்போதகம்' என்னும் மாத இதழில் 13 ஆண்டுகள் தொடர்ந்து வந்து, 1894-ல் நூலாயிற்று. 5 பருவம், 3766 பாட்டு.

பன்யனின் கதையில் ஒரு நுட்பம் உண்டு. பிரயாணியின் முதுகிலுள்ள பாவச்சுமை மோட்ச வாசலில் இறங்கவில்லை. வழியிலேயே, சிலுவையைக் கண்ட இடத்தில், தானே அவிழ்ந்து விழுந்துவிடுகிறது. நடந்து முடித்ததற்குப் பரிசாக மன்னிப்புக் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கிடைத்ததனாலேயே மீதி வழி நடக்க முடிகிறது. சுமை இறங்கியது ஏன் என்ற கேள்விக்கு விடை கூறுவதுபோல், பன்யன் விரிக்காத இயேசுவின் பாடுகளைக் கிருஷ்ண பிள்ளை குமார பருவத்தில் விரித்துப் பாடுகிறார். அங்கே பகைவர் இயேசுவைக் கயிற்றாற் கட்டுகின்றனர். அவர் வாளா நிற்கிறார். அக்கயிற்றை அறுக்க வலியில்லாமலா? அன்று என்கிறார் புலவர். தம்மைக் கட்டுகிறவர்மீது தம் உள்ளத்திற் பொங்கிய அன்பே அவரைக் கட்டிற்றாம். அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் அவரால் இயலவில்லையாம். கணக்கின் நியாயம் பேசிய நம் வாய் இவ்விடத்தில் அடைத்துப் போயிற்று. மலாயாவில் 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்படும் வரையில், நம் முன்னோர் பலர் கடன் என்னும் கயிற்றாற் கட்டுண்டவர். கடன்பட்டவனைக் கட்டிய கயிறு நமக்குத் தெரியும். கடன்பட்டவனுக்காகக் கடன் கொடுத்தவனே கட்டுண்டு நிற்பதை நாம் கண்டதில்லை.

ஆயினும் நூலின் குறையைச் சொல்லாது விடுவது விமரிசனம் ஆகாது. பன்யன் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் குடியிற் பிறந்து, பெட்போர்டுச் சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தவர். உழைப்பாளி ஜனங்கள் பேசிய பேச்சில் எழுதினார். கிருஷ்ண பிள்ளையோ கம்பன் போட்ட ராஜபாட்டையிற் செல்கிறார். அருட்சொல் பண்டிதனுக்கு இனிக்கிறது. லயத்து வீட்டுத் தாய்க்கோ எட்டவில்லை. ஆங்கிலத்திற் கல்வி கற்ற நாமே பன்யனை ஒரே மூச்சிற் படித்துவிட்டு, நம் தாய்மொழிக் காவியத்தை அகராதியின் துணையோடு தடவித் தடவிப் படித்தோம் என்பதைச் சொல்ல நாணுகிறோம். விலையின்றிக் கிடைக்கும் தண்ணீரை ஆழ்கிணற்றிலே வைத்தால், கயிறு உள்ளவன்தானே பருகுவான்? நூலினிடையே வரும் தேவாரப் பாடல்கள் இக்குறையைப் பெரிதும் தீர்க்கின்றன. அங்கே புலமை இறங்கி நின்று அழுகிறது. ஆகையால் யாரும் உடன் அழலாம். காவியத்தை அறியாதவரும் இப்பாடல்களை வாயாரப் பாடுவதற்குக் காரணம் இதுவே என்பது நமது அபிப்பிராயம்.

இன்னொரு தடையும் எழும். அருள், அன்பு என்று பாடி ஏழையின் வயிற்றை ஏமாற்றுவதா என்று நம் தோழர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. அதற்கு விடையாக அத்திராட்சைத் தோட்டத்தை மறுமுறை நோக்குவோம். காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. கொடுக்க வேண்டியதில் எதையும் குறைக்காமலே அந்த எஜமான் தாராளம் காட்டினான். ஆதலின், கூலியைக் குறைத்துவிட்டு அருளைப் பேசுபவனுக்கு அக்கதையில் இடமில்லை. பந்தியில் சாதி பார்த்துவிட்டுக் கடவுளின் எல்லையற்ற அன்பைப் பாடுபவனுக்கும் இடமில்லை.

நாளைக் காலையிலும் நாம் செக்ரோலை ஒழுங்காகவே எழுதுவோம். அது ஏழைக்குச் சேரவேண்டிய நீதி. ஆனால் அன்பும் அப்புத்தகத்தில் அடங்கும் என்று இனி எண்ணமாட்டோம்.