பிணம் இருக்கட்டும், கல்யாணம் எப்போது?

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் திகம்பர சாமியாருக்குக் காதல் வர வழியில்லை. பெயரிலேயே துறவு இருக்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா என்று மனைவி உண்டு. ஆனாலும் அவருடைய பிரியமெல்லாம் தேநீர் மீதுதான். துப்பறிகிறவர் வீட்டில் சிரிப்பையும் சம்சாரத்தையும் சேர்த்துக் குடியேற்றியவர் தேவன்.

1942-இல் ஆனந்த விகடனில் அவர் எழுதத் தொடங்கிய துப்பறியும் சாம்பு, பேங்க் குமாஸ்தாவாக இருந்தவன். அசட்டுக் களை சொட்டும் முகம். அவன் தடுக்கி விழுகிற இடத்தில் திருடன் அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதாவிலாசம் என்று மெச்சுவார். வாசகருக்குத்தான் உண்மை தெரியும். இடையில் வேம்பு மனைவியாக வருகிறாள், சுந்து பிறக்கிறான், துப்பறிதல் குடும்ப விவகாரமாகிவிடுகிறது. மேலைநாட்டுக் கடைகளில் இன்று ‘கோஸி மிஸ்டரி’ என்று தனி அலமாரியில் விற்கிறார்களே, அதற்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய உறவு சாம்புதான். அந்த வகையில் ரத்தம் தெறிக்காது; துப்பறிகிறவர் போலீஸ்காரர் அல்ல, அக்கம்பக்கத்தவர். பேக்கரியோ புத்தகக் கடையோ நடத்தும் பெண்ணாக இருந்தால் உத்தமம். கேக் வேகும் நேரத்தில் உள்ளூர் அதிகாரியோடு ஊடலும் நடக்கும்.

வழக்கும் காதலும் சேர்ந்த இந்தக் கலவை லேசாகத் தெரிகிறதே தவிர, எழுதுவது கஷ்டம். காதலை எடுத்துவிட்டாலும் வழக்கு நிற்கிறதென்றால் அந்தக் காதல் வெறும் அலங்காரம். ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் டாரதி எல். சேயர்ஸ் இதை அறிந்திருந்தார். 1930-இல் வந்த ‘ஸ்ட்ராங் பாய்சன்’ நாவலில், முன்னாள் காதலனை விஷம் வைத்துக் கொன்றதாகக் கூண்டில் நிற்கும் ஹாரியட் வேன் மீது, துப்பறியும் பீட்டர் விம்ஸி பிரபுவுக்குக் காதல் வந்துவிடுகிறது. சிறையில் முதல் சந்திப்பிலேயே கல்யாணப் பேச்சு! அவரே அவளைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றுகிறார், சிக்கலே அங்கேதான். நன்றிக்கடனுக்காக ஒருவனைக் கட்டிக்கொள்ள அவளுக்குச் சம்மதமில்லை. அவள் சரி சொல்வது 1935-இல் வந்த ‘காடி நைட்’டின் கடைசியில். ஆக்ஸ்ஃபோர்டு மகளிர் கல்லூரியில் நடக்கும் அந்த நாவலில் கொலையே இல்லை, மொட்டைக் கடிதங்கள்தான். படிப்பும் தன்மானமும் உள்ள பெண் கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆவாள் என்ற கேள்வி அவளுக்குள்ளும் ஓடுகிறது, குற்றத்துக்குள்ளும் ஓடுகிறது. இரண்டையும் இனிப் பிரிக்க முடியாது. அகதா கிறிஸ்டியின் டாமி–டப்பென்ஸ் ஜோடி 1922-லேயே வந்துவிட்டது. கலகலப்பான ஜோடி, ஆழம் தேடிப் போக வேண்டாம்.

தமிழில் ஜோடிகள் பெருகியது எண்பதுகளின் மாத நாவல்களில். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா. கடைசி ஜோடி தம்பதி. அங்கே குற்றத்தின் கொடூரம்தான் முன்னால் நிற்கும், ரூபலாவின் பேச்சு மூச்சு விடக் கிடைக்கும் இடம். பரத்–சுசீலா அப்படியில்லை. மூன்லைட் ஏஜென்சியில் வேலையும் காதலும் ஒரே மேஜையில் நடக்கின்றன. சுசீலாவின் பனியனில் எழுதியிருக்கும் வாசகத்துக்காகவே புத்தகத்தைப் பிரித்தவர்கள் உண்டு. இன்று படித்தால் அந்த வாசகங்களில் சில நெளிய வைக்கின்றன. ஆனால் அவள் வாயடைத்து நிற்பவள் அல்ல, பரத் ஒன்று சொன்னால் அதே வேகத்தில் திருப்பித் தருவாள். அந்தச் சுறுசுறுப்பை இப்போதைய தொலைக்காட்சித் தொடர்களில்கூடக் காண முடியவில்லை. சுஜாதாவின் துப்பறியும் வக்கீல் வசந்த் வழிவது வேறு ரகம்; அவன் வழிசலுக்கு எதிரே நிற்க நிரந்தரமாக ஒருத்தி இல்லை.

இருந்தும், சுசீலாவின் சீண்டல் ஒரு அத்தியாயம், கொலைகாரன் அடுத்த அத்தியாயம் என்றே இந்தக் கதைகள் பெரும்பாலும் ஓடின. காதலர்களுக்குள் மாறுவது எதுவும் இல்லை. அடுத்த மாதமும் இதே ஜோடி இப்படியே வர வேண்டுமே! சேயர்ஸுக்குக் கிடைத்த ஐந்து வருடத் தயக்கம் மாத நாவலுக்குக் கட்டுப்படியாகாது. வியாபாரமும் இரண்டாகப் பிரிந்திருந்தது. பேருந்து நிலையக் கடையில் கிரைம் நாவல்கள் ஒரு வரிசையிலும் ரமணிசந்திரன் போன்றவர்களின் குடும்பக் கதைகள் இன்னொரு வரிசையிலும் தொங்கின. கல்யாணத்தில் முடிய வேண்டிய மனஸ்தாபமெல்லாம் அந்த இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டது. சுசீலாவுக்குக் கிடைத்தது பனியன் வாசகம்.