கொட்டேஷன் இலக்கியம்

நம்மூரில் மிகுந்த நம்பிக்கையோடு படிக்கப்படும் ஒரு பக்க இலக்கியம் எது தெரியுமா? கம்ப்யூட்டர் கடைக்காரர் கிழித்துக் கொடுக்கும் கொட்டேஷன். பத்துப் பன்னிரண்டு வரி. ஒரு வினைச்சொல்கூட இருக்காது. ஆனாலும் அதைப் படித்துவிட்டு ஒரு குடும்பம் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாயை எடுத்து நீட்டுகிறது. நாவலுக்கும் சினிமாவுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். இதற்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எழுதிப் பார்க்கலாம்.

என் முன்னால் இருக்கும் பிரதி, தெரிந்தவர் ஒருவர் கல்லூரியில் சேரும் தன் பெண்ணுக்காக வாங்கி வந்தது. அவளுக்குப் பாடம் பி.காம்., ஆசை வீடியோ எடிட்டிங். கடையின் பெயர் வேண்டாம். இதே வாசகம் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் கிடைக்கும், டெல்லி நேரு பிளேஸிலும் கிடைக்கும். படியுங்கள்:

'ஐ7 பிராஸஸர். 16 ஜி.பி. ரேம். 512 எஸ்.எஸ்.டி. 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு. மதர்போர்டு. கேமிங் கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ். 22 இஞ்ச் மானிட்டர். கீபோர்டு, மவுஸ் ஃப்ரீ.'

எண் இருக்கும் வரிகளை ஒரு பக்கம், எண் இல்லாத வரிகளை ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லக்கூடிய சமாசாரங்களுக்கெல்லாம் எண் உண்டு. மதர்போர்டுக்குப் பெயரே இல்லை. எஸ்.எம்.பி.எஸ்., அதாவது மொத்தப் பெட்டிக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை, கல்யாணப் பத்திரிகையில் 'மற்றும் உற்றார் உறவினர்' மாதிரி ஒரு 'வித்'துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதல் வரியிலிருந்து வருவோம். ஐ7 என்பது ஒரு பிராஸஸரின் பெயர் இல்லை, குடும்பப் பெயர். இன்டெல் அதை 2008-ல் ஆரம்பித்தது. 'எந்த ஐ7?' என்று கேட்காமல் வாங்குவது, 'மாருதி கார் ஒண்ணு இருக்கு, வாங்கிக்கறீங்களா?' என்பதற்குத் தலையாட்டுவது போல. 2011-ல் வந்த ஐ7-2600-க்கு நான்கு கோர். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் நான்கு கோர்தான். ஆனால் இந்தத் தம்பி அந்த அண்ணனை எல்லா வேலையிலும் சுலபமாக முந்திவிடுவான். பதினோரு வருஷத்தில் உள்ளே இருப்பது அத்தனை மாறிவிட்டது. வெளியே பெயரில் மட்டும் 3 என்பது 7-ஐவிடச் சின்னதாகத் தெரிகிறது.

எண்ணைப் பார்த்து மயங்குவது நமக்குப் புதிதில்லை. 2000-ல் பெண்டியம் 4 வந்தபோது 'எத்தனை கிகாஹெர்ட்ஸ்?' என்பதுதான் ஒரே கேள்வி. 3 கிகாஹெர்ட்ஸ் வைத்திருப்பவர் 2 வைத்திருப்பவரைப் பரிதாபமாகப் பார்ப்பார். 2006-ல் அதே இன்டெல் கோர் 2 டியோவைக் கொண்டுவந்தது. 1.86 கிகாஹெர்ட்ஸில் ஓடியது, 3 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4-ஐத் தோற்கடித்தது. அதற்குப் பிறகாவது நாம் திருந்தியிருக்க வேண்டும். கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு ஐ7-ஐப் பிடித்துக்கொண்டோம்.

நம் பிரதியில் இருந்தது எந்த ஐ7 என்று போன் செய்து கேட்கச் சொன்னேன். 'ரெண்டாவது ஜெனரேஷன் சார், ஒரிஜினல்' என்று பதில் வந்தது. அதாவது 2011. ஏதோ ஓர் ஆபீஸ் மெஷினில் பத்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற சில்லு. அதற்கென்றே புதிதாகச் செய்யப்படும் ஹெச்61 வகை மதர்போர்டில் உட்கார்ந்து, டி.டி.ஆர்.3 ரேமோடு, புது கேபினெட்டுக்குள் மறுபிறவி எடுக்கிறது. பழசாக இருப்பது குற்றமில்லை. டைப் அடிக்க, கணக்கு எழுத, பழைய படம் பார்க்க, அதற்குரிய விலையில், பழசு என்று சொல்லிக் கொடுத்தால் நானே சிபாரிசு செய்வேன். ஆனால் விண்டோஸ் 11 இதை முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. இன்டெல்லில் எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழே இருப்பவை அநேகமாக எல்லாமே பட்டியலுக்கு வெளியே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துபோனது. பெண் முதல் செமஸ்டர் முடிப்பதற்குள் அப்பாவுக்கு அடுத்த கொட்டேஷன் தேவைப்படும்.

நான்காவது வரி இன்னும் சுவாரஸ்யம். '4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு.' 2014-ல் வந்த ஜி.டி.730-லும் 4 ஜி.பி. வைத்து விற்றார்கள், 2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ்.1650-லும் 4 ஜி.பி.தான். இரண்டுக்கும் வேகத்தில் பல மடங்கு வித்தியாசம். கிராபிக்ஸ் கார்டை ஜி.பி.யால் அளப்பது, சமையல்காரரை அவருடைய அண்டாவின் அளவை வைத்து எடைபோடுவது போலத்தான். ரைஸன் 5 5600ஜி போன்ற பிராஸஸர்களுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், அந்த ஜி.டி.730-ஐவிட நன்றாக வேலை செய்யும். அதற்குத் தனிக் காசு கிடையாது, தனி மின்சாரமும் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிராஸஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று ஓர் எழுத்து இருந்தால், உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். ஆயிரம், இரண்டாயிரம் குறைகிறதே என்று அதை வாங்கி, தனிக் கார்டும் போடாவிட்டால், கம்ப்யூட்டர் ஓடும், மானிட்டர் இருட்டாக இருக்கும். எழுத்து இல்லாத 5600-லும் கிடையாது, 'ஜி' வேண்டும். இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து உட்கார்ந்து நம்மைக் குழப்ப யோசித்தது போல இருக்கிறது.

இனி அந்தப் பெயரில்லாத மதர்போர்டு. ஒன்று யோசியுங்கள். லேப்டாப் இருக்க, கடையில் கட்டி வைத்த கம்பெனி மெஷின் இருக்க, எதற்காகத் தனித்தனியாகப் பாகம் வாங்கிச் சேர்க்கிறோம்? 'விலை குறைவு' என்பார்கள். பல சமயம் அது உண்மையில்லை. என்னைக் கேட்டால் உருப்படியான நியாயம் ஒன்றுதான்: நாளைக்கு ஒரு பாகம் போனாலோ, போதாமல் போனாலோ, அதை மட்டும் மாற்றலாம். அந்த வசதியைத் தருவதோ, பறிப்பதோ மதர்போர்டு. பிராஸஸர் உட்காரும் சாக்கெட்டை இன்டெல் அடிக்கடி மாற்றும். 2021-ல் வந்த எல்.ஜி.ஏ.1700 பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று மூன்று ஜெனரேஷன் தாங்கியது. 2024-ல் அடுத்த சாக்கெட் வந்துவிட்டது. ஏ.எம்.டி. வேறு மாதிரி. 2017-ல் முதல் ரைஸனோடு ஏ.எம்.4 போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-ல் வந்த பிராஸஸரை அதே போர்டில் பொருத்தினார்கள். ஐந்து வருஷம் கழித்து ஒரே ஒரு பாகத்தை மாற்றிப் புது மெஷின்! அசெம்பிள் செய்வதற்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. இப்போதைய ஏ.எம்.5 சாக்கெட் 2027-லும் அதற்கப்பாலும் தொடரும் என்று 2024-ல் சொல்லியிருக்கிறார்கள். நம் பிரதியில் வரும் ஹெச்61-ல் எதை மாற்றுவது? மேலே போக இடமே இல்லை. மாற்ற வேண்டும் என்றால் போர்டு, பிராஸஸர், ரேம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மற்ற எந்தப் பாகம் செத்தாலும் தனியாகச் சாகும். இது சாகும்போது பக்கத்தில் இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு போக வாய்ப்புண்டு. கேபினெட்டோடு இலவசமாக வருவதில் '450 வாட்ஸ்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற பத்தியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராஸஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பன்னிரண்டு இன்ட்டு பதினாறு, 192 வாட். 450 எங்கே போயிற்று? இன்றைய மெஷினுக்கு அதிகம் தேவைப்படாத 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி எண்ணைப் பெரிதாக்கியிருப்பார்கள். நிஜமான 450-ல் 12 வோல்ட்டுக்கு நேரே 36 ஆம்பியர் போல இருக்கும், 432 வாட். கடையில் நின்றபடியே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. ஐந்தாம் வாய்ப்பாடுகூட வேண்டாம், செல்போன் போதும். கையில் தூக்கியும் பாருங்கள். நல்லது கனக்கும்.

'80 ப்ளஸ்' என்ற முத்திரை 2004-லிருந்து இருக்கிறது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவிகிதம் உருப்படியாக உள்ளே போகிறது என்பதற்கான சான்றிதழ் அது. ஷார்ட் ஆனால் அணையுமா, வோல்டேஜ் எகிறினால் தாங்குமா என்றெல்லாம் அது சொல்லாது. வாரண்டி எத்தனை வருஷம் என்பது அதைவிட நேர்மையான தகவல். ஐந்து வருஷம் தருகிறவன் ஏதோ தைரியத்தில்தான் தருகிறான்.

மறு பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. '850 வாட்ஸ் கோல்டு போடாம மெஷினே கட்டாதீங்க' என்று வீடியோவில் கத்துகிறவர்கள். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டு மெஷின் மூச்சு வாங்க உழைத்தாலும் பெரும்பாலும் 150 வாட்டைத் தாண்டாது. நேர்மையான 450 ஒன்று போதும். பிற்பாடு சுமாரான கார்டு ஒன்று போட்டாலும் தாங்கும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறை சொல்லும் முன் வீட்டு பிளக்கின் மூன்றாவது ஓட்டையையும் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று விரலில் ஏறுகிறதா? உள்ளே இருக்கும் ஃபில்டரின் இரண்டு கெபாஸிட்டர்கள் மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பப் பார்க்கின்றன. எர்த் இல்லை என்றால் பெட்டியின் உடம்பே 230-ல் பாதி வோல்ட்டில் தொங்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நிஜமாகவே கசிவு வந்தால் உங்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை என்பதற்கு அது முன்னறிவிப்பு. கடைக்காரரைக் கூப்பிடாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

'கேமிங் கேபினெட்' என்பதற்கு என்ன அர்த்தம்? முன்னால் கண்ணாடி, உள்ளே கலர் கலராக லைட் எரியும் ஃபேன். கோயில் திருவிழா போல இருக்கும். மே மாதச் சென்னையில் ஏ.சி. இல்லாத அறையே 36, 37 டிகிரி. அந்தக் காற்றையும் உள்ளே விடாமல் முன்பக்கத்தைக் கண்ணாடி போட்டு மூடிவிட்டு, மூன்று ஃபேன் சுற்றி என்ன பயன்? முன்னால் வலை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி. பார்க்க டல்லாக இருக்கும். அதை வாங்குங்கள்.

ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுவோம். 16 ஜி.பி.யை ஒரே துண்டாக வாங்குவதைவிட எட்டு எட்டாக இரண்டு போட்டால் வேகம் கூடும், அதிலும் உள் கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு. 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை மளமளவென்று ஏறியது, ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். ஆகவே ரேமின் அன்றைய விலையைக் கேட்டுவிட்டு மற்றதைத் தீர்மானியுங்கள். எஸ்.எஸ்.டி.யில் 'என்.வி.எம்.இ.' என்று கேட்டு வாங்குங்கள். எம்.2 வடிவத்திலேயே பழைய சாட்டா வேகத்தில் ஓடுபவையும் உண்டு, உருவத்தைப் பார்த்து ஏமாறலாம்.

மானிட்டர் பற்றி ஒன்று. கம்ப்யூட்டரில் நாம் நிஜமாகப் பார்ப்பது அது ஒன்றைத்தான். மிச்சம் இருக்கும் காசில் வாங்குவதும் அதைத்தான். வீடியோ எடிட் செய்யப்போகும் பெண்ணுக்கு, தலையை ஆட்டினால் நிறம் மாறும் மலிவு பேனலை வாங்கிக் கொடுத்தால் அவள் எடுக்கும் மாம்பழம் இன்னொருவர் வீட்டில் எலுமிச்சையாகத் தெரியும். 'ஐ.பி.எஸ்.' பேனல், 24 இஞ்ச். இலவசக் கீபோர்டில் தமிழ் எழுத்து இருக்காது. தமிழ்99 என்று 1999-லேயே தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இருக்கிறது என்பதைக் கடைக்காரர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, இந்தப் பிரதியில் நான் அடித்துத் திருத்தியது: ஐ7 போய் உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் சமீபத்திய ஐ3 அல்லது ரைஸன் 5. கிராபிக்ஸ் கார்டு வரியே நீக்கம். அதற்கான இடம் போர்டில் காலியாக இருக்கட்டும். எடிட்டிங் ஆசை இரண்டாம் வருஷமும் இருந்தால் அப்போது வாங்கலாம். மதர்போர்டுக்கு முழுப் பெயர். எஸ்.எம்.பி.எஸ். தனி வரியாக, கம்பெனி பெயர், மாடல், வாரண்டியோடு. கண்ணாடிக் கேபினெட்டுக்குப் பதில் வலை. மானிட்டர் பெரிது. மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலாயிற்று. பெண் கேட்டது ஒன்றே ஒன்று: 'லைட்டு வராதா அங்கிள்?'

கடைக்காரரை மட்டும் வில்லனாக்க எனக்கு மனமில்லை. பல வருஷமாக மெஷின் கட்டும் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். 'கஸ்டமர் ஐ7ன்னு கேட்டுக்கிட்டேதான் சார் உள்ள வர்றாங்க. நான் நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டு ரெண்டாயிரம் ஏத்தினா பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க. அங்க இதே ஐ7 கம்மி. எஸ்.எம்.பி.எஸ்.ஸ யாரு சார் திறந்து பாக்குறா?' என்றார். நியாயம்தான். மூன்று கொட்டேஷன் வாங்கி, கீழே இருக்கும் கூட்டுத்தொகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் நாம். எந்த வரியை நாம் படிக்க மாட்டோமோ அங்கே விலை குறைகிறது.

கடைசியாக பில். 'பில் வேணாம்னா ஜி.எஸ்.டி. மிச்சம் சார்' என்பார்கள். 18 சதவிகிதம் என்றால் சபலம் வரும்தான். ஆனால் அசெம்பிள் மெஷினுக்கு ஒரே வாரண்டி கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் தனி சர்வீஸ் சென்டர். மூன்று வருஷம் கழித்து போர்டோடு அங்கே போய் நிற்கும்போது அவர்கள் கேட்பது பில்லைத்தான். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் அதில் எழுதச் சொல்லுங்கள். முனகுவார்கள், எழுதுவார்கள். பெட்டிகளைப் பரணில் போடுங்கள். அந்த வழுவழுப்பான பில் தாளில் எழுத்து சில மாதத்திலேயே மங்க ஆரம்பித்துவிடும், வீட்டுக்கு வந்ததும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.