கரைவலைப் பாட்டும் கைத்தொலைபேசியும்

சென்ற ஆண்டு தரம் பத்து மாணவர்களுக்கு நாட்டார் பாடல் பற்றிய ஒப்படை ஒன்று கொடுத்திருந்தேன். பாட்டைப் புத்தகத்திலிருந்து பெயர்த்தெழுதிக் கொண்டுவரக் கூடாது, பாடுகின்றவர் வாயிலிருந்தே கேட்டுப் பெறவேண்டும் என்பது நிபந்தனை. உடப்பில் உறவினர் உள்ள மாணவன் ஒருவன் எழுத்தில் எதுவும் கொண்டு வரவில்லை, கைத்தொலைபேசியை நீட்டினான். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல் மூன்று நிமிடம் அதில் இருந்தது. கரையிலே நின்றபடி ஒரு செயலியின் மூலம் நேரலையாக அனுப்பப்பட்டுப் பின்னர் அதிலேயே சேமிக்கப்பட்ட பதிவு அது.

வகுப்பிலே எல்லோரும் கேட்டோம். முன்பாட்டுக்காரரின் குரல் அறைக்குள் இருந்து பாடியது போலத் துலக்கமாக இருந்தது. கடலோசை இல்லை. அவருக்கு மறுமொழியாக எழும் கூட்டுக்குரலோ ஒவ்வொரு தடவையும் முதலெழுத்தை இழந்து, தூரத்துச் சுவருக்கப்பால் யாரோ முனகுவது போல வந்து மறைந்தது. இளைஞர்கள் ஊக்கமின்றிப் பாடியிருக்கிறார்கள், மரபு தேய்ந்து வருகின்றது என்று நான் அன்று வகுப்பில் ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். அந்தப் பிரசங்கத்துக்காக இன்று வெட்கப்படுகின்றேன்.

விடுமுறை நாளொன்றில் உடப்புக்குப் போனேன். பாலாவியிலிருந்து கொழும்பு வீதியில் தெற்கே முந்தலைக் கடந்து கடற்பக்கம் திரும்பினால் அவ்வூர். அன்று கரையில் இரு வலைகள் இழுபட்டன. ஒன்றை உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே பாட்டு இல்லை, இயந்திரத்தின் உறுமல் மட்டுமே. மற்றதை மனிதர் இழுத்தனர். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுத் தோணி அரைவட்டமாக வலையை வளைத்துக் கொண்டுபோய், மறுகயிற்றை வெகுதூரம் தள்ளிக் கரை சேர்க்கும். இரு கயிற்றிலும் இரு அணிகள். முன்பாட்டுக்காரர் ஓரடி சொல்ல, அணி மறுமொழி கூறும். அந்த மறுமொழியின் மேல்தான் கயிறு நகரும். வலை தொலைவில் இருக்கையில் பாட்டு நிதானமாகச் செல்லும். மடி கரையை நெருங்க நெருங்க அடிகள் குறுகும், வேண்டுதல் கேலியாகும், சம்மாட்டியும் அந்தக் கேலிக்குத் தப்புவதில்லை. கூட்டுக்குரலில் ஊக்கக் குறைவு எதனையும் நான் காணவில்லை. என் காதை அடைக்கும்படி அது எழுந்தது. அப்படியானால் கைத்தொலைபேசியில் நாம் கேட்டது என்ன?

விடை தொழில்நுட்பத்தில் இருக்கின்றது. எனினும் அது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. நேரலைச் செயலிகள் பல, ஒலிவாங்கி தரும் ஒலியை அப்படியே அனுப்புவதில்லை. இரைச்சல் நீக்கம் என்றொரு சல்லடை முதலில் உண்டு. விடாது ஒரே சீராய் ஒலிப்பது எதுவோ அது இரைச்சல், அருகிலிருந்து ஏறியிறங்கிப் பேசுவது எதுவோ அது குரல் என்பதே அச்சல்லடையின் பொதுவான கணக்கு. அலையோசை சீரானது, ஆகவே போயிற்று. தூரத்தில் நின்று நெடில் உயிரை நீட்டி இழுக்கும் இருபது பேரின் குரல் பேச்சைப்போல் இல்லை. ஆகவே அதுவும் பாதி போயிற்று. அடுத்தது, ஒலியின் ஏற்றத்தாழ்வைத் தானாகவே சமப்படுத்தும் கட்டுப்பாடு. அது தாழ்ந்த ஒலியை உயர்த்தும், உயர்ந்த ஒலியைத் தாழ்த்தும். கூட்டுக்குரல் வெடித்தெழும் கணத்தில் அதன் தலையில் தட்டி இருத்திவிடும். பின்னர், எஞ்சியதைச் சுருக்கும் வேலை. இசைத்தட்டுத் தரத்தில் ஒலியை வைப்பதென்றால் விநாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டுகள், இரு தடங்கள்: ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 மெகாபைட். அதனைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். டேட்டாவுக்கு நாட்கூலியிலிருந்து காசு கொடுக்கும் வீட்டில் இச்சுருக்கம் ஓர் உதவியே. அதனை நான் பழிக்கவில்லை.

நான் பழிப்பது சல்லடையின் மனக்கணக்கை. அந்தச் செயலியை இயற்றியோர் மனத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் தனியன். அமைதியான அறையில், திரைக்கு ஒரு முழத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, தன்னைப்பற்றித் தானே பேசுகிறான். நெடுக்காக நிமிர்ந்த அந்தச் சட்டமும் அவன் முகத்துக்கென்றே வெட்டப்பட்டது; கடலோரம் நெடுகக் கிடக்கும் இரு கயிறுகளும் நாற்பது கால்களும் அதற்குள் ஒருபோதும் அடங்கமாட்டா. கூட்டமாக வேலை செய்கின்ற மனிதரை அக்கருவி ‘இரைச்சல்’ என்று பெயரிட்டுக் கழித்துவிடுகின்றது. கருவி நடுநிலையானது, பயன்படுத்துவோர் கையில்தான் எல்லாம் என்று சொல்வோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

எம்பி3 எனும் சுருக்கமுறையை ஜெர்மனியில் உருவாக்கியபோது, அமெரிக்கப் பாடகி சுசான் வேகாவின் பாடலொன்றைப் பரிசோதனைக்கு வைத்துக்கொண்டார் அதன் கர்த்தாக்களுள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். பக்கவாத்தியமற்ற ஒற்றைப் பெண்குரல். தொடக்கத்தில் அக்குரல் சிதைந்தது. திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். உழைப்பு மெச்சத்தக்கது. ஒரு குரல் சரியாக வரும்வரை பொறுமையாகக் கேட்கும் காது அங்கே இருந்தது. நமது நேரலைச் செயலிகளின் சல்லடையை அமைத்தோர் கரைவலைக் கூட்டுக்குரலை அப்படி ஒரு தடவையேனும் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

கூட்டுக்குரலை இழந்தால் என்ன, முன்பாட்டில்தானே கவிதை இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. ஜோர்ஜ் தொம்சன் 1945இல் எழுதிய ‘மார்க்சியமும் கவிதையும்’ என்ற சிறு நூல் இக்கேள்விக்கு அன்றே விடை தந்துவிட்டது. தொழிற்பாட்டில் மாறாத பகுதி உழைப்பின் கட்டளை. மாறுகின்ற பகுதி அக்கட்டளைகளின் இடைவெளியில் முளைப்பது. முன்னதை வெட்டினால் பின்னது வேரற்ற செடி. பேராசிரியர் கைலாசபதி அத்தொம்சனிடம் பர்மிங்காமில் ஆய்வு செய்தவர். 1968இல் வெளியான அவரது ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ ஆங்கில நூல், சங்கப் பாட்டை ஏட்டிலிருந்து எழுப்பிப் பாடுவோர் நாவில் மீண்டும் வைத்துப் பார்த்தது. அதற்கு வழிகாட்டிய மில்மன் பரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியக் கிராமங்களில் அலைந்து அலுமினியத் தட்டுகளில் பாடகரைப் பதிந்தார். ஒரு தட்டில் சில நிமிடம்தான் கொள்ளும். பாட்டை நடுவில் நிறுத்தச் சொன்னால் பாடகரின் ஓட்டம் கெடும் என்பதற்காக, ஒன்று முடியுமுன் மற்றொன்று சுழலத் தொடங்கும்படி இரு தட்டுக் கருவி செய்வித்துக்கொண்டார். பாட்டுக்காகக் கருவியை மாற்றினார் அவர். நாம் கருவிக்காகப் பாட்டை மாற்றுகின்றோம். பாடியவர் பெயர், ஊர், நாள் யாவும் அவரது சேகரிப்பில் உள்ளன. நம் மாணவன் காட்டிய பதிவின் கீழே ‘பாரம்பரிய மீனவர் பாடல்’ என்ற மூன்று சொற்களும், கைதட்டும் சில பொம்மைகளும் மட்டுமே இருந்தன.

இதற்கு எதிர்வாதமாக எடுத்துக்காட்டத்தக்க உதாரணம் ஒன்று உலகில் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2020 டிசம்பரில், ஸ்கொட்லாந்தில் தபாற்காரராக இருந்த நேதன் எவன்ஸ் என்ற இளைஞர் ‘வெல்லர்மன்’ என்ற நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைப் பாட்டை டிக்டொக்கில் பாட, முன்பின் அறியாதவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் அதன்மேல் தத்தம் குரலை அடுக்கினர். பெருந்தொற்றினால் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோர் ஒரு கப்பலில் ஏறியது போலிருந்தது. நானும் அதனை மகிழ்ந்தே கேட்டேன். ஆனால் அது நிகழ்ந்த முறையைக் கவனியுங்கள். எவன்ஸ் பாடி முடித்துவிட்டார். மற்றவர் முடிந்த பதிவின்மேல் பாடினர். அவர்கள் குரல் அவர் காதில் விழவில்லை. கயிறு கனக்கிறது, இன்னும் மெதுவாக என்று எவரும் அவருக்கு உணர்த்த முடியாது. உடப்பில் முன்பாட்டுக்காரர் பாடுவதிலும் பார்க்கக் கேட்பதே அதிகம். அணியின் மூச்சைக் கேட்டே அடுத்த அடியின் நீளத்தைத் தீர்மானிக்கிறார். நேரலையிலும் இது கைகூடாது. ஒலியையும் படத்தையும் ஆறு விநாடித் துண்டுகளாக வெட்டி, சில துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பின்னரே பார்ப்பவர் திரையில் ஓட விடுவது ஒரு வழமையான முறை. கரையில் மடி ஏறிய பிறகுதான் கட்டாரிலிருக்கும் மகன் கயிற்றின் கடைசி இழுப்பைக் காண்பான். ‘நேரலை’ என்ற சொல்லில் ‘நேர்’ எவ்வளவு என்பது ஆராயத்தக்கது.

ஆயினும் அந்த மகன் காண்கிறானே! ஆடியில் திரௌபதி அம்மன் தீமிதிப்பை வெளிநாட்டு வேலைத்தலத்தில் இருந்துகொண்டு பார்ப்பவன் கண்ணீர் விடுகிறான் என்றால் அக்கண்ணீர் பொய்யன்று. 1932இல் பெர்டோல்ட் பிரெக்ட் வானொலியைப் பற்றி எழுதியபோது, கேட்பவன் கேட்பவனாகவே இருத்தல் தகாது, அவனும் பேசவேண்டும், வானொலி இருவழிப் பாதையாகவேண்டும் என்று வாதிட்டார். நமது நாட்டில் ஒலிபரப்பு 1925இல் கொழும்பில் தொடங்கிற்று. அன்று தொட்டு நம் கரையோரத்தார் பேசியதைக் காட்டிலும் கேட்டதே பெரிது. இன்று சம்மாட்டியிடம் கூலிக்கு நிற்பவன் கையிலும் ஓர் ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. 2022 ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்த காட்சியை நாடு முழுவதும் கைத்தொலைபேசி வழியே பார்த்ததே! அதே ஆண்டு ஏப்ரலில் சமூக ஊடகங்களை அரசு சில மணிநேரம் தடுத்துப் பார்த்ததும் அதன் வலிமையை அறிந்துதான். பிரெக்ட் கேட்ட பாதை திறந்துவிட்டது. பாதையின் நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே எஞ்சியுள்ள கேள்வி.

அது வெறுங்கேள்வியன்று என்பதை நம் ஊரே காட்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பலர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தனர். பாலாவியைச் சுற்றியும் அவர்களது குடியிருப்புகள் எழுந்தன. அன்று பிள்ளையை இடுப்பிற் சுமந்து வந்த தாய் இன்று பாட்டி. பேரப்பிள்ளை கைத்தொலைபேசியைப் பிடிக்க, அவர் தாம் விட்டு வந்த வீட்டின் கிணற்றையும் முருங்கை மரத்தையும் பற்றிச் சொல்கிறார். இது பதியப்படவேண்டிய வரலாறு, ஐயமில்லை. ஆனால் பேரனிடம் சொல்வதாக எண்ணிச் சொன்னதை, அவன் ஒரு பொத்தானை அழுத்தியதும் முகமறியாத ஆயிரம் பேர் கேட்கின்றனர். ஏளனம் செய்வோரும் அவருள் உளர். அந்த அம்மையாரிடம் அனுமதி கேட்டவர் யார்? பேரன் குற்றவாளியல்லன். பதிவு செய்தல், சேமித்தல், உலகுக்கு ஒலிபரப்புதல் ஆகிய மூன்றையும் ஒரே சிவப்புப் பொத்தானாக்கி வைத்த செயலி, மூன்றும் வேறு வேறு செயல்கள் என்பதையே அவனுக்கு மறைத்துவிட்டது.

சேமிப்பு என்ற சொல்லையும் நம்பிவிடலாகாது. 2003 முதல் பன்னிரண்டு ஆண்டுகளாக மைஸ்பேஸ் தளத்தில் மக்கள் ஏற்றிய பாடல்கள், வழங்கி மாற்றும் வேளையில் அழிந்துபோயின என்று அந்நிறுவனம் 2019இல் ஒப்புக்கொண்டது. இழப்பு ஐந்து கோடிப் பாடல்கள் வரை இருக்கலாம் என்றனர். 2025 பெப்ரவரியில் முகநூல் நிறுவனம், இனி நேரலைக் காணொளிகள் முப்பது நாட்களே இருக்கும், பழையனவும் தவணை கொடுத்து நீக்கப்படும் என்று அறிவித்தது. எத்தனை ஊர்த் திருவிழாக்கள், எத்தனை கூத்துகள், எத்தனை முதியோர் குரல்கள் அந்தத் தவணைக்குள் இறக்கப்படாமல் போயிருக்கும்! 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. இதற்குப் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. ஆகையால் அழுவாரும் இல்லை. 2005இலிருந்து ஈழத்து நூல்களை மின்வடிவாக்கி வரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகள் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருகின்றன என்பது ஆறுதல். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முதலில் ஒருவர் கோப்பைத் தன் கையில் வைத்திருக்கவேண்டும்.

இவ்வளவும் எண்ணிய பின்னர் மாணவர்களோடு மறுபடியும் உடப்புக்குப் போனோம். செயலியை மூடிவிட்டு, தொலைபேசியின் சாதாரண ஒலிப்பதிவுக் கருவியை, இரைச்சல் நீக்கத்தை நிறுத்தி, இரு கயிற்றுக்கும் ஒவ்வொன்றாக வைத்தோம். தொலைபேசியைக் கிடையாகப் பிடிக்கப் பழகவே பிள்ளைகளுக்கு அரை மணி பிடித்தது. பாடியவர்களின் பெயரை அவர்கள் சம்மதத்தோடு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். பாடசாலைக் கணினியில் ஒரு பிரதி. முன்பாட்டுக்காரருக்கு ஒரு பிரதி. காற்று மோதும் ஓசை சில இடங்களில் பாட்டையே மூடிவிட்டது. அதற்குத் துணியுறை ஒன்று தைத்திருக்கவேண்டும்.

பதிவை அவரிடம் போட்டுக் காட்டினேன். மணலில் குந்தியிருந்து கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும், “இடக்கயிற்றில ஓராள் குறையுது சேர்” என்றார். மாணவன் கொப்பியைப் புரட்டிப் பார்த்தான். வலக்கயிற்றில் பத்துப் பெயர், இடக்கயிற்றில் ஒன்பது. பத்தாவது ஆள் அன்று பக்கத்து வலையின் வின்ச்சுக்குக் கூலிக்குப் போயிருந்தார்.